வாய்க்காலில் ஒரு தையல் மெசின்

போர் முடிந்து இரண்டாவது வருடம் என் கணவர் மன்னாருக்குத் திரும்பிப் போனார். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களான எங்களை விரட்டியபோது விட்டுவந்த காணியில் காடு மண்டிக் கிடந்தது. அதை வெட்டித் துப்புரவாக்கி ஒரு கொட்டில் போட்டதும் என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார். எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார். கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. அங்கே அவர் வேறொரு பெண்ணைக் கலியாணம் முடித்திருந்தார். எனக்குப் பிள்ளை இல்லை என்பது காரணம். கொட்டிலில் இரண்டு அறை இருக்கிறது, ஒன்று உனக்கு என்று தொலைபேசியில் சொன்னார்.

"ரெண்டையும் நீங்களே வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கிழமையே காதியாரிடம் போய்ப் பிரிவை எழுதி வாங்கினேன்.

புத்தளத்துத் தில்லையடியில் என் நானாவின், அதாவது அண்ணனின், வீட்டுப் பின்னறையில் எனக்கு இடம் இருந்தது. நானா நல்லவர், மதினியும் கெட்டவளில்லை. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, காலால் மிதிக்கிற என் தையல் மெசின், இவ்வளவுதான் அந்த அறை. அந்த வருடக் கடைசியில் அவர்களுடைய மூத்த மகளுக்குச் சம்பந்தம் வந்தது. எங்கள் ஆட்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். பின்னறையை உடைத்துப் பெரிதாக்கிப் புது மாப்பிள்ளைக்குக் கொடுப்பதென்று முடிவானது. என்னைப் போகச் சொல்லவில்லை. பிள்ளைகளோடு ஹோலில் படுக்கலாம், மெசினைக் குசினித் தாழ்வாரத்தில் வைக்கலாம் என்றார்கள். மனைவி மௌத்தான ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார், நல்ல மனிதர், யோசித்துப் பார் என்றும் மதினி மெதுவாகச் சொன்னாள்.

யோசித்துத்தான் பார்த்தேன். பதினொரு வயதில் கையில் ஒரு பையோடு ஊரை விட்டு வந்தவள் நான். அதன்பிறகு முகாம், மாமியார் வீடு, நானா வீடு என்று நான் இருந்த ஒவ்வோர் இடமும் வேறு யாரோ எனக்கு ஒதுக்கித் தந்தது. இனி ஒருவர் ஒதுக்கித் தரும் மூலையில் இருக்கமாட்டேன் என்று முடிவுசெய்தேன். அப்போது படகு என்ற எண்ணமே இல்லை. வாடகை வீடுதான் தேடினேன். தனியாக இருக்கும் பெண்ணுக்கு யாரும் வீடு தரவில்லை.

மதுரங்குளிப் பக்கம் பள்ளிக்கூடச் சீருடை கொடுக்கப் போன ஒரு பகலில்தான் அந்தப் படகைக் கண்டேன். அங்கே ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. தெற்கே சிலாபத்திலிருந்து வந்து, முந்தல் களப்பு என்கிற உப்பேரியைத் தொட்டு, வடக்கே புத்தளம் களப்பில் விழுகிறது. ஒரு காலத்தில் கொழும்பிலிருந்தே அதில் சாமான் ஏற்றி வந்தார்களாம். இப்போது பாதி இடத்தில் சேறு. பாலத்துக்குக் கீழே, அடி தட்டையான, முப்பதடி நீளத்தில் ஒடுக்கமான ஒரு மரப்படகு கிடந்தது. தேங்காய் மட்டையைத் தும்பு ஆலைக்கு ஏற்றிய படகு. லொறி வந்த பிறகு அதைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். மேலே பாதிக்குக் கிடுகுக் கூரை. அதன் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்து கூனி இறாலில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். நெற்றியில் பொட்டு இல்லை. ஆனால் கழுத்தில் தாலி இருந்தது.

"அக்கா, இந்தப் படகு ஓடுமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"படகு ஓடும். ஓட்டுறதுக்குத்தான் ஆளில்லை."

"நான் பழகினா?"

அவர் என் அபாயாவின் ஓரத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கள் பழகி முடிக்கேக்க மாரி வந்திடும். ஊன்றித் தள்ளுற கோலை நான் பிடிப்பன். நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"தைப்பன்."

"படகிலயோ?"

"ஏன், படகில ஊசி குத்தாதா?"

அவர் சிரித்தார். அப்படித்தான் தொடங்கியது.

அக்கா வன்னியைச் சேர்ந்தவர். முல்லைத்தீவுக் கரையோரம் களப்பிலேயே வளர்ந்தவர். சண்டையின் கடைசி நாட்களில் தண்ணீர் எடுத்துவரப் போன அவர் கணவர் திரும்பி வரவில்லை. முகாமிலிருந்து வெளியே விட்டதும், உடப்பில் கலியாணம் முடித்திருந்த தங்கையைத் தேடி இங்கே வந்தார். தங்கை வீட்டில் ஆறு பேர், ஒரே அறை. படகுக்குக் காவல் இருக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அதிலேயே குடியிருந்தார். என் கதையைச் சொன்னபோது அவர் அனுதாபம் காட்டவில்லை. "அப்ப உமக்கும் படுக்க இடமில்லை" என்று மட்டும் சொன்னார்.

படகின் முதலாளி சிலாபத்துக்காரர். நாங்கள் இரண்டு பேரும் போய் விலைக்குக் கேட்டபோது சிங்களத்தில் ஏதோ சொல்லிப் பக்கத்தில் இருந்தவரோடு சிரித்தார். எனக்குச் சிங்களம் தெரியும். ஒரு ஓட்டைப் படகுக்கு இரண்டு ஓட்டைப் பெண்கள் என்றார். என் காதில் கிடந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஓட்டையை நாங்கள் அடைத்துக்கொள்கிறோம், உறுதியை எழுதுங்கள்" என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுபோனது. இரண்டு பேர் பேரிலும் எழுதித் தந்தார்.

பலகை இடுக்குகளில் பஞ்சும் தாரும் வைத்து அடிக்க இரண்டு கிழமை பிடித்தது. பின்பக்கம் படுக்கை, நடுவில் மெசின், முன்பக்கம் அடுப்பு. மெசினை முதலில் முன்பக்கம்தான் வைத்தோம். படகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. நடுவுக்கு நகர்த்தி நாலு ஆணியில் இறுக்கினோம். நான் மிதிக்கும்போது படகு முழுக்க நடுங்கும். தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் கிளம்பி எதிர்க்கரை வரைக்கும் போகும். வாய்க்காலில் முகம் கழுவ வருகிற பெண்கள் அந்த வளையத்தைப் பார்த்தே, நான் வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்வார்கள்.

எல்லாப் பெண்களும் முதல் நாளே கேட்பது ஒரு கேள்வி: குளிப்பதற்கும் மற்றதற்கும் எங்கே போகிறீர்கள்? நாங்கள் படகைக் கட்டுகிற மூன்று இடத்திலும் கரையில் ஒரு வீட்டைப் பிடித்து வைத்திருந்தோம். அந்த வீட்டுச் சட்டைகளை நான் சும்மா தைத்துக் கொடுப்பேன். அவர்களுடைய கிணறும் மறைப்பும் எங்களுக்கு. வடக்கே மதுரங்குளிப் பாலத்தடியில் பத்து நாள், நடுவில் முந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பூவரச மரத்தடியில் பத்து நாள், தெற்கே உடப்புக்கு அருகில் பத்து நாள். பிறகு திரும்பி வருவோம்.

அந்த வாய்க்கால் கரையில் எல்லா ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் எனக்கு மாதத்துக்கு ஒரு வகைத் துணி வரும். மார்கழியில் பள்ளிக்கூட வெள்ளை. தைப்பொங்கலுக்குப் பாவாடை சட்டை. பிறகு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் புதுநன்மைக் கவுண். நோன்பு தொடங்கினால் பெருநாள் உடுப்பு. ஆடி மாதம் உடப்பில் தீ மிதிப்பு. அதற்குச் சாறிச் சட்டை. தண்ணீருக்கும் அப்படி ஒரு முறை இருந்தது. மாரியில் வாய்க்கால் கரை புரண்டு, மண்நிறமாக ஓடும். பாம்பும் பூரானும் மேடு தேடிப் படகில் ஏறும். வெள்ளைத் துணியைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். வாடைக்காற்றில் தண்ணீர் தெளியும். சித்திரையில் வற்றத் தொடங்கும். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் புரட்டாதி வரைக்கும் ஓயாது. அப்போது தண்ணீர் உப்பாகிவிடும். காலையில் போட்ட ஊசி மாலைக்குள் துருப்பிடிக்கும். ஊசிகளைத் தேங்காயெண்ணெயில் ஊறவைக்க அக்காதான் சொன்னார். எண்ணெய் துணியில் படுமே என்றேன். "துடைச்சுப் போட்டுத் தை" என்றார்.

முதல் வருடம் மாசி மாதம் நானா வந்தார், கூடவே எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு வயதான ஹாஜியார். இருவரும் கரையில் நின்றார்கள். படகில் கதிரை ஒன்றுதான்; அதைக் கரைக்குத் தூக்கி ஹாஜியாருக்குக் கொடுத்தேன்.

"மகள், இது ஒரு இருப்பா?" என்றார் அவர். "ஆம்புளத் துணை இல்ல. நாலு பக்கமும் தொறந்து கிடக்குது. நாளைக்கு ஒண்டு நடந்தா ஊர் என்ன சொல்லும்?"

"ஹாஜியார், நாங்க முகாமுல பதினஞ்சு வருஷம் ஓலக் கொட்டிலுக்க இருந்தம்" என்றேன். "சாக்குத்தான் கதவு. நான் பெரிசானதும் அந்தச் சாக்குக்குள்ளதான். அப்ப யாரும் வந்து எனக்கு மறைப்புப் போதுமாண்டு கேக்கல்ல. இதுக்குப் பலகைக் கதவு இருக்கு. உள்பக்கம் கொண்டி இருக்கு. வந்து பாருங்க."

நானா தலையைக் குனிந்துகொண்டார். ஹாஜியார் உண்மையாகவே எழும்பி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறி வந்து, கொண்டியை இரண்டு தரம் போட்டு எடுத்துப் பார்த்தார்.

"சின்னக் கொண்டி" என்றார். "பெரிசாப் போடு."

அவ்வளவுதான். அதன்பிறகு பள்ளிவாசலில் இருந்து யாரும் வரவில்லை. ஊர் பேசியது, அது வேறு விஷயம்.

அந்த வருடங்களில் நோன்பும் ஆடி மாதமும் ஒன்றாக வந்தன. நான் நோன்பு. அக்கா தீ மிதிக்க விரதம். கணவர் உயிரோடு வரவேண்டும் என்ற நேர்த்தி அவருக்கு. பள்ளிவாசலில் தருகிற கஞ்சியில் இறைச்சி இருக்கும் என்பதால் அவர் தனக்கு வேறு சட்டியில் பச்சையரிசிக் கஞ்சி வைப்பார். பகல் முழுக்கச் சோளகம் அடிக்க, படகில் பசியோடு இரண்டு பேர். பொழுது சாயும் நேரத்தில் நான் பாங்குக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பேன். அக்கா தன் கஞ்சியை மூடிவைத்துவிட்டு எனக்காகக் காத்திருப்பார்.

அப்படி ஒரு மாலையில்தான் கேட்டார்.

"தங்கச்சி, மன்னாரில இருந்து வரேக்க உனக்கு எத்தினை வயசு?"

"பதினொண்டு."

"எவ்வளவு நேரம் தந்தவை?"

"லவுட்ஸ்பீக்கர்ல சொன்னாங்க. கொஞ்ச நாள்தான். போற வழியில வாப்பாட கையில கட்டியிருந்த மணிக்கூட்டையும் கழட்டி எடுத்தாங்க. வள்ளத்துல ஏத்திக் கற்பிட்டியில இறக்கினாங்க."

அவர் அடுப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எங்கட ஆக்கள் செய்தது."

"நீங்க செய்யல்லதானே அக்கா."

"இல்லை. நான் செய்யேல்லை. ஆனால் கேள்விப்பட்டனான். அடுத்த நாள் சந்தையில உங்கட ஆக்களின்ர சாமான் மலிவா வந்தது. ஒரு குத்துவிளக்கு மாதிரி வடிவான பித்தளைச் செம்பு. நான் வாங்கினனான். ஏன் மலிவு எண்டு எனக்குத் தெரியும்."

பாங்கு சொன்னது. நான் ஈச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் போடாமல் இருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. இருபது வருடத்துக்கு முந்திய கோபம் ஒரு செம்பின் மேல் வந்து நின்றது. எழும்பிக் கரைக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போகவில்லை. இந்தப் படகில் பாதி என்னுடையது. நான் ஏன் போகவேண்டும்?

"அந்தச் செம்பு இப்ப எங்க?" என்று கேட்டேன்.

"எங்க இருக்கும்? எல்லாத்தோடயும் போச்சு. நாங்களும் ஒரு பையோடதான் வந்தம்."

நோன்பைத் திறந்தேன். அவரும் தன் கஞ்சியைக் குடித்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த நாள் அவர் வழக்கம்போலச் சட்டியைக் கழுவி எனக்குத் தனியாக எடுத்து வைத்தார். நான் அவருடைய தீ மிதிப்புச் சாறிக்கு மஞ்சளில் சட்டை தைத்தேன். அளவெடுக்கும்போது தோள் எலும்பில் ஒரு பெரிய தழும்பு கையில் தட்டுப்பட்டது. நாடாவை அதற்கு மேலால் வைத்து அளந்தேன்.

இரண்டாவது வருடம்தான் தொல்லை வந்தது. பூவரச மரத்துக்குப் பின்னால் இருந்த தென்னங்காணியை யாரோ வாங்கி இறால் பண்ணை போட்டார்கள். குளம் குளமாக வெட்டி, வாய்க்காலில் இருந்து தண்ணீர் இறைக்கக் குழாய் போட்டார்கள். நாங்கள் கட்டுகிற இடத்தில்தான் குழாயின் வாய் வரவேண்டுமாம். பண்ணை மனேஜர் ஒரு காலையில் கரையில் நின்று, மூன்று நாளில் படகை எடுக்கச் சொன்னார்.

"யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"மேலிடத்தில சொன்னது. படகில குடியிருக்க அனுமதி இல்ல."

"எழுதித் தாங்க."

"சொன்னாப் போதாதா?"

"போதாது. ஒருக்கா வாயால சொன்னதக் கேட்டு ஊர விட்டு வந்தவ நான். இனி எழுத்தில தராத எந்தச் சொல்லுக்கும் நான் நகரமாட்டன்."

அவர் அக்காவைப் பார்த்தார், அவராவது சொல் கேட்பார் என்று நினைத்தாரோ என்னவோ. அக்கா கோலைத் தண்ணீரில் இருந்து உருவி, சேறு சொட்டச் சொட்டத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மனேஜர் போய்விட்டார். மூன்று நாள் கழித்து ஓர் அலுவலரைக் கூட்டிவந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். அவர் கையில் கோப்பு இருந்தது, ஆனால் எழுதித் தரவில்லை. பார்க்கலாம் என்று சொல்லிப் போனார்.

அடுத்த கிழமை, விடியுமுன் சுபஹு தொழ எழும்பியபோது படகு நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே வந்தால் பூவரச மரம் தூரத்தில் தெரிந்தது. சோளகம் எங்களைக் குறுக்காகத் தள்ளிக்கொண்டு போனது. நான் கத்தியதில் அக்கா எழும்பிக் கோலைத் தேடினார். கோலைக் காணவில்லை. அதற்குள் படகின் பக்கம் கரையோரக் கண்டல் மர வேரில் ஏறிச் சாய்ந்தது. ஆணி பிடுங்கி, மெசின் என் கண்முன்னே சரிந்து, கிடுகுத் தட்டியை உடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனது.

தண்ணீர் நெஞ்சளவுதான். ஆனால் கீழே சேறு. அக்கா குதித்து, மூழ்கி, இரண்டு தரம் வெறுங்கையோடு வந்தார். மூன்றாம் தரம் கயிற்றின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு போய் மெசினின் காலில் கட்டினார். பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரரும் வந்து மூன்று பேருமாக இழுத்தோம். அது வெளியே வந்தபோது மெசின் மாதிரியே இல்லை, ஒரு சேற்றுக் கட்டி. கட்டியிருந்த கயிற்றைப் போய்ப் பார்த்தோம். தேயவில்லை, அவிழவில்லை. கத்தியால் அறுத்த வெட்டு.

பொலிஸில் முறைப்பாடு எழுதியவர் நான் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார். வாசித்தேன். கயிறு அவிழ்ந்ததால் படகு நகர்ந்தது என்று இருந்தது.

"நான் சொன்னது அறுத்தது எண்டு" என்றேன்.

"ரெண்டும் ஒண்டுதானே."

"ஒண்டில்ல. அறுத்தது எண்டு எழுதுங்க. நான் இருக்கிறன்."

வாங்கில் உட்கார்ந்தேன். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். சீருடை போட்டவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று, முந்தானையைப் பிடித்திருந்த விரல்களில் தெரிந்தது. ஆனாலும் எழும்பவில்லை. பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி அந்தப் பொலிஸ்காரர் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு வேறு சொல் எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொல்லி, அதன்பிறகுதான் நான் கையெழுத்து வைத்தேன்.

அன்று பின்னேரமே காவல்காரரிடம் கோலுக்குப் பதிலாக ஒரு கமுகஞ்சிலாகை வாங்கி, காற்றுக்கு எதிராக ஊன்றி ஊன்றி, அதே பூவரச மரத்தடிக்குப் போய்க் கட்டினோம். இந்த முறை கயிறு இல்லை, சங்கிலி.

மெசினைக் கழற்றி ஒவ்வொரு துண்டாக மண்ணெண்ணெயில் கழுவிக் கிடுகில் காயவைத்தோம். கையில் வேலை நிறைய இருந்த நேரம். சிலர் வந்து துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சிங்களப் பெண், தன் மகளின் புதுநன்மைக் கவுணைத் தைக்கத் தந்திருந்தவர், ஓட்டோவில் வந்து இறங்கினார். மடியில் கையால் சுற்றுகிற ஒரு பழைய மெசின்.

"நங்கி, ஞாயித்துக்கிழமை பூசை" என்றார், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி மற்றதைத் தமிழில். "உன்ட படகுக்கு என்ன நடந்தது எண்டு எனக்கு வேணாம். எனக்குக் கவுண் வேணும்."

கரையில், குழாய் போட வெட்டிய குழிக்குப் பக்கத்தில், பாய் விரித்து உட்கார்ந்தேன். அக்கா கைப்பிடியைச் சுற்ற, நான் துணியைத் தள்ளினேன். மனேஜர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பெண் எழும்பவில்லை. கவுண் முடியும் வரை பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, கழுத்துக்கு இன்னும் இரண்டு மடிப்புச் சுருக்கு வை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் என்னுடைய மெசினும் ஓடியது. சத்தம் மட்டும் மாறிவிட்டது.

மாரிக்கு முன்பு கடிதம் வந்தது. எழுத்தில்தான். படகை எடு என்று அதில் இல்லை. படகைப் பரிசோதனைக்குக் காட்டிப் பதிவுசெய்ய வேண்டும் என்று இருந்தது. பதிவுசெய்தோம். இலக்கத்தை நானே வெள்ளைப் பெயின்றில் இரண்டு பக்கமும் எழுதினேன். குழாயை அவர்கள் இருபது அடி தள்ளிப் போட்டார்கள். அடுத்த வருடம் இறாலுக்கு நோய் வந்து பண்ணை அழிந்தது. அது எங்கள் வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனேஜர் ஊரை விட்டுப் போவதற்கு முன், இரண்டு காற்சட்டையை இடுப்புச் சுருக்க அனுப்பியிருந்தார். மெலிந்துபோயிருந்தார் போல. சுருக்கிக் கொடுத்தேன். அக்கா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

நானாவின் மகளுக்குக் கலியாணம் ஒருமாதிரித் தள்ளிப்போய் அந்த வருடம்தான் நடந்தது. கலியாண உடுப்பு முழுக்க இந்தப் படகில் தைத்தது. மதினி அளவு பார்க்க வந்தபோது முதலில் கரையிலேயே நின்றாள். பிறகு ஏறினாள். பிறகு, மெசின் பக்கத்தில் தூங்கியும் போனாள்.

அதற்கடுத்த தை மாதம் அக்காவின் ஊரில் ஆமி பிடித்த காணிகளை விடுகிறார்கள் என்று செய்தி வந்தது. போய்ப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிப் பையைக் கட்டினார். பஸ் ஏற்றிவிடும்போது திரும்பி வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் எனக்காகப் பொய் சொல்லவேண்டி வரும்.

ஏழு கிழமை தனியாக இருந்தேன். அதில்தான் கோல் பிடிக்கப் பழகினேன். சேற்றில் ஊன்றிய கோலை விடத் தெரியாமல், படகு ஒரு பக்கம் போக நான் கோலோடு நின்று, மூன்று தரம் வாய்க்காலில் விழுந்தேன். அபாயாவோடு நீந்துவது எவ்வளவு பாரம் என்று எழுதிச் சொல்ல முடியாது. பாலத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் ஏறி, பிழிந்துவிட்டு, மறுபடி ஊன்றினேன். நாலாம் கிழமை சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

பங்குனியில் அக்கா வந்தார். தலையில் ஒரு சாக்கு ஒடியல், காயவைத்த பனங்கிழங்கு.

"காணி கிடைச்சதா?" என்று கேட்டேன்.

"பாதி. மற்றப் பாதிக்குள்ள ஆமி முகாம். கிணறு முகாமுக்குள்ள. அவரைப் பற்றிக் கேட்டுப் பதிஞ்சன். பொறுத்திருக்கச் சொல்லினம்."

"அங்கயே இருந்திருக்கலாமே."

"ஏன், பொறுத்திருக்கிறதுக்கு அங்கதான் இருக்கவேணுமோ? கேக்கிற நாளில போய்க் கேப்பன். மற்ற நாளில எனக்கு வேலை இருக்கு." சாக்கை இறக்கிவிட்டுக் கோலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஆர் இதைச் சீவினது? கனக்கச் சீவிப் போட்டாய்."

அந்த ஆடியில் உடப்புப் பெண் ஒருத்தியின் கலியாணச் சட்டை என் கையில் இருந்தது. தீ மிதிப்பு முடிந்த கிழமை கலியாணம். வாய்க்காலில் ஓர் இடத்தில் மண் சரிந்து அடைத்திருந்ததால் முந்தல் களப்பைக் குறுக்காகக் கடந்துதான் போகவேண்டும். சோளகம் உச்சத்தில் இருந்தது. மீன்பிடிக்கிறவர்களே வள்ளத்தைக் கரையேற்றியிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "ரெண்டு பொம்பளையளும் சாகப் போறியளோ? நாளைக்குக் காத்து இறங்கினாப் போங்கோ" என்றார். நாளைக்குக் காற்று இறங்காது என்பது அவருக்கும் தெரியும். பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு சட்டைக்குத் துணி வெட்டினால், போடுகிறவருக்கு அதை என் கையால் போட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன். அது என் தொழில்.

இரண்டு கோல். அவர் முன்னால், நான் பின்னால். களப்பின் நடுவில் அலை பலகைக்கு மேலால் வந்தது. சட்டையைப் பொலித்தீனில் சுற்றி, அதை என் முக்காட்டுக்குள், தலையில் வைத்துக் கட்டியிருந்தேன். ஒரு கட்டத்தில் கோல் தரையைத் தொடவில்லை. படகு காற்று சொன்ன பக்கம் போனது. அக்கா திரும்பிப் பார்க்காமல் கத்தினார்: "ஊன்றாதை, பிடிச்சிரு. மேடு வரும்." பிடித்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் போக வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. மேடு வந்தது. ஊன்றினோம்.

உடப்புக் கரையில் ஏறியபோது இரண்டு பேரும் தலைமுதல் கால்வரை நனைந்திருந்தோம். சட்டை நனையவில்லை. மணப்பெண் போட்டுப் பார்த்தாள். அவளுடைய தாய் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கை கொஞ்சம் இறுக்கம்" என்றார்.

"கழட்டித் தாங்க" என்று வாங்கி, அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, தையலைப் பிரிக்கத் தொடங்கினேன்.